சிடிகே4/6 மாத்திரையும் வீட்டுல வந்த டிபியும்: காசிமேட்டு அம்மா ஒருத்தங்களோட கேஸ்

இந்த கேஸை எழுதறதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு தான். டிபி நிறைய இருக்குற நம்ம வடசென்னை மாதிரி ஏரியால சிடிகே4/6 மாத்திரை, அதாவது செல் பிரிய வெக்கற சிடிகே4, சிடிகே6ன்ற ரெண்டு என்சைமை அடைக்கற மாத்திரை, சாப்பிடுற மார்பக கேன்சர் நோயாளிங்க இப்போ கூடிட்டே வர்றாங்க. கேன்சர் ஓபில டிபி பத்தி யாரும் பெருசா கேக்கறதில்ல, டிபி பக்கம் வேலை செய்யறவங்களுக்கு இந்த மாத்திரை பேரே புதுசு. நடுவுல நோயாளி ரெண்டு பக்கத்து மாத்திரையையும் ஒரே பைல போட்டு வெச்சிருப்பாங்க. நான் டாக்டர் இல்ல, கேன்சர் மருந்து குடுக்குற கவுன்ட்டர்ல இருக்குற ஃபார்மசிஸ்ட். அந்த அம்மாவும் அவங்க பையனும் எழுதிக்கோன்னு சொன்ன பிறகு தான் எழுதறேன், ஆளை அடையாளம் காட்டுற விவரத்தை எல்லாம் மாத்திட்டேன்.

கேஸ்

வயசு 57. காசிமேட்டுல விடியக்காலை ஏலத்துல மீன் எடுத்து, கூடைல சுமந்துட்டு போய் தண்டையார்பேட்டை உள்தெருவுல வித்துட்டு இருந்தவங்க. சுகர் இருக்கு, மெட்ஃபார்மின் சாப்பிடுறாங்க. மாதவிடாய் நின்னு ஏழு வருஷம் ஆச்சு. இடுப்புக்கு மேல முதுகு வலி நாலஞ்சு மாசமா. கூடை தூக்கறதால தான்னு அவங்களும் நெனச்சாங்க சுத்தி இருக்கறவங்களும் நெனச்சாங்க, பக்கத்து கிளினிக்ல ஒரு ஊசி போட்டுக்கிட்டு மறுநாள் ஏலத்துக்கு போயிடுவாங்க. ஆனா அந்த வலி ராத்திரி படுத்தா தான் ஜாஸ்தி. சுமை தூக்கி வர்ற வலி படுத்தா கொஞ்சமாவது அடங்கணும். படுத்தா ஏறுற முதுகு வலிய யாரா இருந்தாலும் சும்மா விடக்கூடாது, இதை நான் கவுன்ட்டர்ல வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிட்டு தான் இருக்கேன்.

ஒரு நாள் பாய விட்டு எழுந்துக்க முடியாம போய் தான் அரசு மருத்துவமனைக்கு வந்தாங்க. எக்ஸ்ரேல இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல ஒண்ணு அரிச்ச மாதிரி தெரிஞ்சுது. பாத்த சின்ன வயசு டாக்டரம்மா, எக்ஸ்ரேயோட நிறுத்தாம மார்பையும் அக்குளையும் தொட்டுப் பாத்தாங்க. இடது பக்கம் கல்லு மாதிரி கட்டி. இது தெரியுமாம்மான்னு கேட்டதுக்கு, "தெரியும் கண்ணு, ஒரு வருசமா கீது, வலிக்கல, அதான் வுட்டுட்டேன்"ன்னு சொன்னாங்களாம். வலிக்கலன்றது தான் இதுல மோசம். மார்பக கேன்சர் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது, வலிக்காததால தான் வீட்டு வேலை, பையன் கல்யாணம், சீட்டுப் பணம் எல்லாம் அதுக்கு முன்னாடி வரிசைல போய் நிக்கும். சென்னைல பெண்களுக்கு வர்ற கேன்சர்ல முதல் இடம் இதுக்கு தான்.

சதை டெஸ்ட் ரிசல்ட்: பால் குழாய்ல ஆரம்பிச்சு பரவற வகை, கிரேட் 2. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் (செல்லுல அந்த ஹார்மோன் வந்து ஒட்டற புரோட்டீன்) நல்லா ஸ்ட்ராங்கா பாசிட்டிவ், புரோஜெஸ்டிரோன் ரிசப்டரும் பாசிட்டிவ், ஹெர்2ன்ற வளர்ச்சி புரோட்டீன் 1+, அதாவது நெகட்டிவ் கணக்கு. செல் எவ்ளோ வேகமா பிரியுதுன்னு காட்டற கேஐ-67 25 சதவீதம். ஸ்கேன்ல முதுகெலும்பு, இடுப்பெலும்பு ரெண்டுலயும் பரவி இருந்துச்சு, ஈரலும் நுரையீரலும் சுத்தம். ஆக நாலாவது ஸ்டேஜ்.

நாலாவது ஸ்டேஜ்னு கேட்டதும் பையன் அங்கயே உக்காந்துட்டாரு. ஆனா நாலாவது ஸ்டேஜ்லயே பல விதம் இருக்கு. ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், எலும்புல மட்டும் பரவினது, உடனடியா உயிருக்கு ஆபத்தா எந்த உறுப்பும் பாதிக்கலன்னா, அவங்களுக்கு முதல்ல கீமோ ட்ரிப்ஸ் ஏத்தறதில்ல. ஹார்மோன் மாத்திரை கூட ஒரு சிடிகே4/6 மாத்திரை, இது தான் இன்னைக்கு முதல் சிகிச்சை. முழுசா குணமாகாது, ஆனா வருஷக்கணக்குல கட்டுல வெக்கலாம். டாக்டர் இதை நேரா சொல்லிட்டாரு, அது ரொம்ப நல்லதா போச்சு, பின்னாடி எந்த முடிவு எடுக்கறதுலயும் குடும்பம் குழம்பல.

வலிக்கு முதல்ல முதுகுல கரண்ட் வெச்சாங்க, அதாவது கதிர்வீச்சு, 8 கிரே, ஒரே தடவை. ரெண்டு வாரத்துல ராத்திரி தூங்க ஆரம்பிச்சாங்க. பல்லை செக் பண்ணிட்டு எலும்புக்கு சோலெட்ரானிக் ஆசிட், கால்சியம், வைட்டமின் டி. மெயின் மருந்து, ஹார்மோன் மாத்திரையா லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் தினமும், சிடிகே4/6 மாத்திரையா பால்போசிக்லிப் 125 மில்லிகிராம் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தறது.

அந்த என்சைம் என்ன பண்ணுது

இங்க கொஞ்சம் நிதானமா போகணும், ஏன்னா பின்னாடி நடந்தது எல்லாமே இதுல இருந்து தான் வருது.

ஒரு செல் ரெண்டா பிரியறதுக்கு நாலு கட்டம். ஜி1ல வளரும், எஸ்ல டிஎன்ஏவை காப்பி எடுக்கும், ஜி2ல சரிபாக்கும், எம்ல பிரியும். இதுல பெரிய முடிவு ஜி1 கடைசில எடுக்கறது. அந்த இடத்தை தாண்டிட்டா வெளில இருந்து வளர்ச்சி சிக்னல் நின்னு போனாலும் செல் பிரிஞ்சே தீரும், திரும்பி வராது. இப்படி ஒரு இடம் இருக்குன்னு ஆர்தர் பார்டீன்றவர் 1974ல சொன்னாரு.

அந்த இடத்துல காவலுக்கு நிக்கறது ஆர்பின்னு ஒரு புரோட்டீன். குழந்தைங்களுக்கு கண்ணுல வர்ற ரெட்டினோபிளாஸ்டோமா கட்டிய ஆராய்ச்சி பண்ணும்போது கிடைச்சது, அதான் அந்த பேரு. ஆர்பி, இ2எஃப்ன்ற இன்னொரு புரோட்டீனை புடிச்சு வெச்சிருக்கும். டிஎன்ஏ காப்பி எடுக்க வேண்டிய ஜீன்களை எல்லாம் ஆன் பண்றது இந்த இ2எஃப் தான், அதனால ஆர்பி புடிய விடாத வரைக்கும் செல் ஜி1லயே நிக்கும். இந்த ஆர்பி மேல பாஸ்பேட்டை ஒட்டி ஒட்டி அதோட புடிய தளர்த்தற என்சைம் தான் சிடிகே4, சிடிகே6. நம்ம ஹார்பர் கேட்ல கன்டெய்னர் லாரி பேப்பர்ல சீல் விழுந்தா தான் தடுப்பு தூக்குவான் இல்லையா, அந்த சீல் குத்தற கை இந்த என்சைம். முதல் சீல் இவங்க குத்துவாங்க, மிச்சத்தை சைக்லின் ஈயோட சேர்ந்த சிடிகே2 முடிச்சு வெக்கும், இ2எஃப் வெளில வரும், செல் எஸ் கட்டத்துக்குள்ள போயிடும்.

ஆனா சிடிகே தனியா ஒண்ணும் பண்ணாது, சைக்லின்னு ஒரு துணை புரோட்டீன் வந்து ஒட்டணும். சிடிகே அளவு செல்லுக்குள்ள ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஏறி இறங்கறது சைக்லின் தான், அது தான் எப்போ என்சைம் வேலை செய்யணும்னு தீர்மானிக்குது. சைக்லினை கண்டுபுடிச்சது கடல் முள்ளெலி முட்டைல. 1982ல டிம் ஹன்ட், அமெரிக்காவுல வுட்ஸ் ஹோல்ன்ற கடற்கரை ஊரு ஆராய்ச்சி நிலையத்துல, முட்டை ஒவ்வொரு தடவை பிரியும்போதும் ஒரு புரோட்டீன் சேர்ந்து சேர்ந்து திடீர்னு காணாம போறதை பாத்தாரு. லீலாண்ட் ஹார்ட்வெல் ரொட்டிக்கு போடுற ஈஸ்ட்லயும், பால் நர்ஸ் இன்னொரு வகை ஈஸ்ட்லயும் இந்த சக்கரத்தை ஓட்டற ஜீன்களை புடிச்சாங்க, நர்ஸ் டீம் 1987ல அதே ஜீன் மனுஷனுக்குள்ளயும் இருக்குன்னு காட்டிடுச்சு. மூணு பேருக்கும் சேர்த்து 2001ல நோபல். ஈஸ்ட்டும் கடல் முள்ளெலியும் வெச்சு என்ன கிழிக்கப் போறாங்கன்னு அப்போ யாராவது கேட்டிருந்தா, இன்னைக்கு காசிமேட்டுல ஒரு அம்மா ராத்திரி வலி இல்லாம தூங்கறது தான் பதில். அடிப்படை ஆராய்ச்சிக்கு காசு போடறது வீண்னு பேசறவங்க மேல எனக்கு கோவம் வர்றது இதனால தான்.

இப்போ மார்பக கேன்சர். ஹார்மோன் பாசிட்டிவ் கட்டில ஈஸ்ட்ரோஜன் வந்து ரிசப்டர்ல உக்காந்ததும் அது தூண்டி விடற முக்கியமான ஒண்ணு சைக்லின் டி1. சைக்லின் டி1 ஏறினா சிடிகே4/6 ஓட ஆரம்பிக்கும், ஆர்பி புடி தளரும், செல் பிரிஞ்சுட்டே இருக்கும். சில கட்டில 11ஆவது குரோமோசோம்ல இருக்குற சைக்லின் டி1 ஜீனே பல காப்பியா பெருகி கிடக்கும். இதுக்கு பிரேக் போட நம்ம உடம்புலயே பி16ன்னு ஒரு புரோட்டீன் இருக்கு, 1993ல கண்டுபுடிச்சது, அது சிடிகே4/6 மேல போய் உக்காந்து சைக்லினை ஒட்ட விடாது. பல வகை கேன்சர்ல இந்த பி16 ஜீன் தொலைஞ்சு போயிருக்கும். சைக்லின் டி1 இல்லாம வளர்த்த எலிங்களுக்கு சில ஜீன்களால வர வேண்டிய மார்பக கட்டி வரவே இல்லன்னு 2001ல வந்த ரிசல்ட் தான், இந்த என்சைமை அடைச்சா பிரயோஜனம் இருக்கும்ன்ற நம்பிக்கைய கெட்டியாக்கிச்சு.

ஆக லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உற்பத்திய நிறுத்தி மேல இருந்து சிக்னலை குறைக்குது, பால்போசிக்லிப் கீழ என்சைமையே அடைக்குது. ஒரே பாதைல ரெண்டு இடத்துல கட்டு.

முதல்ல வந்த சிடிகே மருந்துங்க தோத்து போச்சு. ஃபிளேவோபிரிடால்னு ஒண்ணு, எல்லா சிடிகேவையும் சேர்த்து அடிச்சதுல நல்ல செல்லும் தாங்கல. 4ஐயும் 6ஐயும் மட்டும் குறிபாத்து அடிக்கறது வந்த பிறகு தான் வழி திறந்துச்சு. 2009ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் ஃபின், டென்னிஸ் ஸ்லாமன் டீம், மார்பக கேன்சர் செல்கள்ல ஹார்மோன் பாசிட்டிவ் வகை தான் இந்த மருந்துக்கு நல்லா அடங்குதுன்னு காட்டினாங்க. 2015 பிப்ரவரில பால்போசிக்லிப்புக்கு அமெரிக்காவுல அனுமதி. அப்புறம் 2017ல ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் ரெண்டும் வந்துச்சு. பலோமா-2 ட்ரையல்ல லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவங்களுக்கு நோய் திரும்ப வளராம இருந்த காலம் நடுமதிப்புல 14.5 மாசம், பால்போசிக்லிப் சேர்த்தவங்களுக்கு 24.8 மாசம்.

இந்த மருந்து வேலை செய்யணும்னா கட்டில ஆர்பி உயிரோட இருக்கணும். காவலாளியே இல்லாத இடத்துல சீலை நிறுத்தி என்ன பிரயோஜனம். கர்ப்பப்பை வாய் கேன்சர்ல எச்பிவி வைரஸோட இ7 புரோட்டீன் நேரா ஆர்பியையே முடக்கிடும், அதனால அங்க இந்த மருந்துக்கு இடமே இல்ல. ஒரே என்சைம் எல்லா கேன்சர்லயும் இருக்கு, ஆனா எல்லா கேன்சரும் அதை நம்பி ஓடல.

எதை குடுக்கறது

மூணுல எதுன்ற கேள்வி இங்கயும் வந்துச்சு. நேர்மையா சொல்லணும்னா, முதல் சிகிச்சைல மொத்த ஆயுள் கூடினதை தெளிவா காட்டினது ரைபோசிக்லிப் தான். அதோட ட்ரையல் மொனலீசா-2ல 63.9 மாசம், கூட சேர்க்காதவங்களுக்கு 51.4. பலோமா-2ல பால்போசிக்லிப்புக்கு 53.9, எதிர் பக்கம் 51.2, இந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்குல நிக்கல. டாக்டர் இதை குடும்பத்துக்கிட்ட மறைக்கல.

ஆனா விலை. பால்போசிக்லிப் மேல இருந்த காப்புரிமை நம்ம நாட்டுல 2023 ஜனவரில முடிஞ்சுது, இந்திய கம்பெனிங்க ஜெனரிக் போட்டதும் விலை பல மடங்கு கீழ வந்துச்சு. மத்த ரெண்டும் இன்னும் அந்த நிலைமைக்கு வரல. 2022ல கேரள ஹைகோர்ட்ல ஒரு மார்பக கேன்சர் நோயாளி ரைபோசிக்லிப் விலை கட்டுபடியாகலன்னு வழக்கு போட்டாங்க, வழக்கு நடக்கும்போதே அவங்க இறந்துட்டாங்க, கோர்ட்டே தானா முன்வந்து அதை தொடர்ந்துச்சு. இந்த வீட்டுக்கு மாசாமாசம் முடியற மருந்து பால்போசிக்லிப் ஜெனரிக் தான். மூணு மாசம் ஒசத்தி மருந்து வாங்கிட்டு நாலாவது மாசம் கடன் கிடைக்காம நிறுத்தறதை விட, விடாம சாப்பிட முடியற மருந்து மேல்ன்றது என் கருத்து, டாக்டரும் அதை தான் சொன்னாரு. கூடவே ரைபோசிக்லிப்னா ஈசிஜி திரும்பத் திரும்ப எடுக்கணும், இதயத்துடிப்போட க்யூடி இடைவெளி நீளும்ன்ற பிரச்சனை அதுக்கு உண்டு.

முதல் நாலு மாசம்

ஆரம்பத்துல நியூட்ரோஃபில், அதாவது கிருமிய எதிர்க்கற வெள்ளை அணு கவுன்ட் 4,200. முதல் சுத்துல 15ஆவது நாள் 1,100. ரெண்டாவது சுத்துல 15ஆவது நாள் 800. காய்ச்சல் இல்ல, வாய்ப்புண் இல்ல, ஆள் நல்லா இருக்காங்க. பையன் பயந்துட்டாரு, "மேடம் இது கீமோ இல்லன்னு தானே சொன்னீங்க, அப்புறம் ஏன் வெள்ளை அணு இப்டி விழுது?"

அதுக்கும் பதில் அந்த என்சைம் தான். எலும்பு மஜ்ஜைல வெள்ளை அணுவா மாறப் போற இளம் செல்கள் பிரியறதுக்கு சிடிகே6 வேணும். மருந்து அதையும் சேர்த்து அடைக்குது. கீமோல மஜ்ஜை செல் அடிபட்டு செத்துப் போகும், இங்க ஜி1ல அப்டியே நிக்குது, சாகறதில்ல. மருந்தை ஒரு வாரம் நிறுத்தினா நின்ன எடத்துல இருந்து திரும்ப ஓட ஆரம்பிச்சிடும், 21 நாள் 7 நாள் கணக்கே அதுக்கு தான். பலோமா-2ல 66 சதவீதம் பேருக்கு கவுன்ட் கடுமையா விழுந்துச்சு, ஆனா அதோட காய்ச்சலும் வந்தது 2 சதவீதத்துக்கும் கீழ. அபெமாசிக்லிப் சிடிகே4 பக்கம் ஜாஸ்தி சாயறதால கவுன்ட் அவ்ளோ விழாது, அதனால இடைவெளி இல்லாம தினமும் ரெண்டு வேளை குடுக்கலாம், அதுல தொல்லை பேதி.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. மஜ்ஜைய தூங்க வெக்கற இந்த குணத்தையே மருந்தா மாத்திட்டாங்க. ட்ரைலாசிக்லிப்னு ஒரு சிடிகே4/6 ஊசி, 2021ல அமெரிக்காவுல அனுமதி, நுரையீரல்ல வர்ற ஸ்மால் செல் கேன்சருக்கு கீமோ ஏத்தறதுக்கு முன்னாடி போடறது. அந்த கேன்சர்ல பெரும்பாலும் ஆர்பி இல்ல, அதனால கட்டிய இந்த ஊசி நிறுத்தாது, கட்டி பிரிஞ்சுட்டே இருக்கும்போது கீமோ அடிக்கும். மஜ்ஜைல ஆர்பி இருக்கு, அது மட்டும் ஜி1ல ஒதுங்கி நின்னு கீமோகிட்ட இருந்து தப்பிக்கும்.

சரி, கேஸுக்கு வர்றேன். ரெண்டாவது சுத்துல 800 வந்தப்போ காய்ச்சல் இல்லாததால அந்த சுத்தை முடிக்க சொல்லி, 22ஆவது நாள் திரும்ப டெஸ்ட் எடுத்தாங்க. மூணாவது சுத்து ஆரம்பிக்க வேண்டிய அன்னைக்கு 1,300, ஆரம்பிச்சாச்சு. நாலாவது ஆரம்பிக்க வேண்டிய அன்னைக்கு 850 தான் இருந்துச்சு, ஏறவும் ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. ஏறின பிறகு 100 மில்லிகிராமா குறைச்சு தொடர்ந்தாங்க. டோஸ் குறைச்சா பவர் போயிடுமான்னு எல்லாரும் கேப்பாங்க. தேவைக்கு டோஸ் குறைக்கறது இந்த மருந்துல சகஜம், சொல்லி வெச்சிருக்கற முறையே அது தான். தானா நாள் விட்டு நாள் சாப்பிடறது தான் தப்பு.

அந்த அம்மா கேட்டது வேற. "இன்னாமா, வாரா வாரம் ரத்தத்தை எடுத்துக்கினே கீறாங்க, மீனு கூட இவ்ளோ எடை போட மாட்டோம்"னாங்க. எதுக்குன்னு விளக்கினேன், அதுக்கப்புறம் ஒரு டெஸ்ட் கூட தவறல.

நாலாவது மாசம் ஸ்கேன்ல மார்புக் கட்டி சுருங்கி இருந்துச்சு, எலும்புல புதுசா எதுவும் இல்ல. கூடை தூக்கறது நின்னு போச்சு, ரோட்டோரம் உக்காந்து விக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

டிபி வந்த இடம்

ஆறாவது சுத்துக்கு மாத்திரை வாங்க வந்தாங்க. நான் வழக்கமா கேக்கறது, புதுசா வேற மாத்திரை ஏதாவது சேர்ந்துச்சாம்மா? இல்ல கண்ணுன்னு தான் முதல்ல சொன்னாங்க. சுகர் மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து எதுவா இருந்தாலும் காட்டுங்கன்னதும் பைல இருந்து ஒரு அட்டைய எடுத்தாங்க. "இது மருந்து இல்ல, டிபிகாரங்க குடுத்தது, வராம இருக்க."

விஷயம் இது தான். பையனுக்கு மூணு வாரமா இருமல், சளி டெஸ்ட்ல டிபி உறுதி, வழக்கமான மருந்துக்கு கேக்கற வகை, ஆறு மாச சிகிச்சை ஆரம்பிச்சாச்சு. சின்ன வீடு, ஒரே ரூம்ல எல்லாரும். அரசு திட்டப்படி வீட்டுல இருக்கறவங்களை எல்லாம் பரிசோதிச்சு, நோய் இல்லாதவங்களுக்கு தடுப்பு மாத்திரை குடுப்பாங்க, அது ரொம்ப சரியான வேலை. டிபி நோயாளிய சானட்டோரியத்துல அடைக்காம வீட்டுல வெச்சே குணப்படுத்தலாம்னு உலகத்துக்கே காட்டினது 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி மையம் தான், அதுல நமக்கு பெருமையே இருக்கு. இந்த அம்மாவுக்கு எக்ஸ்ரே சுத்தம், இருமல் இல்ல, எடை குறையல. அதனால வாரம் ஒரு தடவைன்னு 12 வாரம் சாப்பிடற கோர்ஸ் குடுத்திருக்காங்க: ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும். சனிக்கிழமை ஆரம்பிக்கலாம்னு வெச்சிருந்தாங்க, அட்டை பிரிக்கல.

ரிஃபாபென்டினும், டிபி சிகிச்சைல முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினும் ஒரே குடும்பம். இந்த குடும்பம் ஈரலுக்குள்ள போய் பிஎக்ஸ்ஆர்னு ஒரு ரிசப்டரை தட்டி எழுப்பி, சிஒய்பி3ஏ4ன்ற என்சைமை கூடுதலா உண்டாக்க வெக்கும். பால்போசிக்லிப்பை உடைச்சு வெளியேத்தறதுல பெரிய பங்கு அந்த சிஒய்பி3ஏ4க்கு. ரிஃபாம்பிசின் கூட சேர்த்து குடுத்து பாத்ததுல ரத்தத்துல பால்போசிக்லிப்போட மொத்த அளவு 85 சதவீதம் விழுந்துச்சு. நூறு ரூபா மாத்திரை சாப்பிட்டா பதினஞ்சு ரூபா தான் உடம்புல சேரும்ன்ற கணக்கு. ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் ரெண்டுக்கும் இதே சிக்கல் தான்.

இதுல பயங்கரமானது என்னன்னா, இது நடந்தா வெளில எதுவுமே தெரியாது. மருந்து அளவு விழுந்தா மஜ்ஜை மேல இருக்குற அடைப்பும் தளரும், கவுன்ட் ஏற ஆரம்பிக்கலாம். 900ல தள்ளாடிட்டு இருந்தவங்களுக்கு 3,000 வந்தா வீடே சந்தோஷப்படும், நாமளும் உடம்பு பழகிடுச்சுன்னு நெனப்போம், அதே நேரத்துல கட்டிக்குள்ள சிடிகே4/6 திரும்ப சீல் குத்த ஆரம்பிச்சிருக்கும். அடுத்த ஸ்கேன்ல தான் தெரியும். அதனால டோஸ் மாத்தாம கவுன்ட் திடீர்னு நல்லாயிடுச்சுன்னா, மாத்திரை சரியா சாப்பிடறாங்களா, புதுசா என்ன மருந்து சேர்ந்துச்சுன்னு கேக்கணும். விழுந்தா மட்டும் கேக்கற பழக்கம் பத்தாது.

அன்னைக்கே கேன்சர் டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் டிபி மருத்துவ அதிகாரிகிட்ட போன்ல பேசினாரு. அந்த அதிகாரி உடனே புரிஞ்சுக்கிட்டு மாத்தி குடுத்தாங்க: ஐசோனியாசிட் மட்டும், தினமும் 300 மில்லிகிராம், ஆறு மாசம், கூட நரம்புக்கு பைரிடாக்சின். இதுவும் அதே திட்டத்துல இருக்குற முறை தான், ரிஃபாபென்டின் இல்லாதது. தடுப்பே வேணாம்னு விடறதும் பேச்சுல வந்துச்சு. ஆனா ஒரே ரூம்ல சளில டிபி இருக்குற பையன், அம்மாவுக்கு சுகர், அதோட வெள்ளை அணு குறைவு. விட முடியாது. ஐசோனியாசிட்ல கவனிக்க வேண்டியது ஈரல், லெட்ரோசோல், பால்போசிக்லிப் ரெண்டும் ஈரல் அளவை ஏத்தக் கூடியது தான், அதனால மாசாமாசம் ஈரல் டெஸ்ட்.

ஒருவேளை அவங்களுக்கே டிபி நோய் இருந்திருந்தா கதை இன்னும் கஷ்டம். டிபிக்கு ரிஃபாம்பிசின் தான் முதுகெலும்பு, அதை சும்மா எடுத்துட முடியாது. அப்போ சிடிகே மாத்திரைய நிறுத்தி வெச்சு டிபிய முடிச்சிட்டு வரலாமான்னு ரெண்டு டாக்டரும் உக்காந்து தான் முடிவெடுக்கணும். ஹார்மோன் பக்கம் லெட்ரோசோலும் ஈரல் வழியா போறது தான், ஆனா ஃபுல்வெஸ்ட்ரன்ட்னு இடுப்புல போடற ஊசிய ரிஃபாம்பிசின் பெருசா பாதிக்கறதில்ல, அது கைல இருக்குற ஒரு வழி. எந்த வழியா இருந்தாலும் நோயாளியோ வீட்டுல இருக்கறவங்களோ தானா ஒரு மாத்திரைய நிறுத்தக் கூடாது, டிபி மாத்திரைய பாதில விட்டா அது வேற ஆபத்து.

எதிர் பக்கமும் இருக்கு. சிஒய்பி3ஏ4ஐ அடைக்கற மருந்து சேர்ந்தா பால்போசிக்லிப் அளவு ஏறிடும், கவுன்ட் ரொம்ப விழும். கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் மாத்திரை இதுல வரும், பம்ப்ளிமாஸ் பழமும் இதுல வரும், அதனால அதை தவிர்க்க சொல்றோம். வலிப்புக்கு சாப்பிடற ஃபெனிடாயின், கார்பமசெபின் ரிஃபாம்பிசின் பக்கம், அளவை இறக்கும். வலிப்பு மாத்திரைய பல வருஷமா சாப்பிடறவங்க அதை ஒரு மருந்தாவே சொல்ல மாட்டாங்க, சாப்பாடு மாதிரி ஆயிருக்கும். வாய்ல கேட்டா வராது, பையை கொட்டி பாத்தா தான் வரும்.

இந்த கேஸுக்கு அப்புறம் எங்க கவுன்ட்டர்ல சிடிகே மாத்திரை வாங்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் மாசாமாசம் கேக்கறோம், வீட்டுல யாருக்காவது டிபி மருந்து ஓடுதா, உங்களுக்கு ஏதாவது அட்டை குடுத்தாங்களா. டிபி பணியாளர்கள் பக்கமும் வீட்டுக்கு போகும்போது கேன்சர் மாத்திரை யாராவது சாப்பிடறாங்களான்னு ஒரு கேள்வி சேர்த்தா போதும். இது பெரிய செலவு வேலை இல்ல. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் எங்க போனாலும் இந்த ரெண்டு நோயும் ஒரே வீட்டுல சந்திக்கறது ஆச்சரியமான விஷயமே இல்ல.

இப்போ

ஐசோனியாசிட் ஆறு மாசமும் முடிச்சாச்சு, ஈரல் அளவு நடுவுல கொஞ்சம் ஏறி தானா இறங்கிடுச்சு. பையனுக்கு சிகிச்சை முடிஞ்சு சளி டெஸ்ட் நெகட்டிவ். அந்த அம்மாவுக்கு டிபி அறிகுறி எதுவும் இல்ல. பால்போசிக்லிப் 100 மில்லிகிராம்லயே போகுது, கவுன்ட் 1,000க்கும் 1,500க்கும் நடுவுல இருக்கு, கடைசி ஸ்கேன்லயும் நோய் அப்டியே கட்டுல தான்.

என்னைக்காவது இந்த மருந்து கேக்காம போகும், அதுவும் குடும்பத்துக்கு சொல்லியாச்சு. கட்டி ஆர்பி ஜீனை தொலைச்சிடலாம், சைக்லின் ஈயை ஏத்தி சிடிகே2 வழியா சுத்திட்டு போகலாம், சிடிகே6ஐயே பெருக்கிக்கலாம், இல்ல ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் ஜீன் மாறி லெட்ரோசோலுக்கு அடங்காம போகலாம். அப்போ முடிஞ்சா திரும்ப ஒரு சதை டெஸ்ட் எடுத்து, ரிசப்டரை புதுசா பாத்து, ஃபுல்வெஸ்ட்ரன்ட் பக்கம் போறதா கீமோவான்னு முடிவு பண்ணணும்னு ஃபைல்ல எழுதி வெச்சிருக்கு. அதே பக்கத்துல மேல, சிவப்பு மைல, ரிஃபாம்பிசின் குடும்ப மருந்து கேக்காம குடுக்கக் கூடாதுன்னும் எழுதி இருக்கு.